இரண்டு தடவை போட்ட மருந்து

புதூர்நாட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் என் கணவர் ஆசையாகக் கட்டிய சின்ன நீச்சல் குளம் இருக்கிறது. வாரம் ஒருமுறை பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுவது அவர் வேலை. போன கோடையில் எங்களுக்குள் சண்டை வந்து இரண்டு நாள் பேச்சில்லை. அவர் மறந்திருப்பார் என்று நானே கரைத்து ஊற்றினேன். பிறகு குளத்தில் இறங்கிய மகள், கண்ணைத் திறக்க முடியாமல் அலறினாள்.

ஓடிவந்த கணவர், "காலைலயே மருந்து போட்டேனே!" என்றார்.

"நானும் போட்டேங்க."

"இன்னா, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"நீங்க சொன்னீங்களா?"

கிணற்றுத் தண்ணீரில் கண்ணைக் கழுவிவிட்டு ஜீப்பில் திருப்பத்தூருக்கு விரைந்தோம். பார்வைக்குப் பாதிப்பில்லை என்று டாக்டர் சொன்ன பிறகே மூச்சு வந்தது.

இப்போதும் சண்டை போடுகிறோம். ஆனால் "தண்ணிக்கு மருந்து போட்டாச்சு" என்பதை மட்டும் எந்தக் கோபத்திலும் சொல்லிவிடுகிறோம். பல நேரம் சமாதானமும் அந்தப் பேச்சிலிருந்தே தொடங்குகிறது.