முகாமில் என் தங்கை சொன்ன பதில்

மாற்றுத்திறனாளி உதவித்தொகையை ஏற்றிவிட்டார்கள், அதிலும் ஆள் துணை இல்லாமல் முடியாதவர்களுக்குக் கூடுதலாகத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. என் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே இரண்டு காலும் வராது. நான் பட்டுக்கடை வேலைக்குப் போய்விட்டால் சாயங்காலம் வரை வீட்டில் தனியாகத்தான் இருப்பாள். அந்தக் கூடுதல் வந்தால், மதியத்தில் அவளைத் தூக்கிவிட எதிர்வீட்டு அக்காவைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

மருத்துவ முகாமுக்குப் போகும்போது ஆட்டோவிலேயே பாடம் நடத்தினேன். "எந்த வேலையும் செய்ய வராதுன்னு சொல்லு. கையை மடியில வெச்சிக்கினு கம்முனு இரு, இன்னா?"

"பொய் சொல்லணுமாக்கா?"

"வாயை மூடிக்கினு இருந்தாலே போதும்டி."

அவள் பாவு பிணைப்பவள். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தீர்ந்ததும் பழைய இழைகளோடு புதிய இழைகளை, விரலில் சாம்பல் தொட்டு, ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கிற வேலை.

முகாமில் டாக்டரம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தார். குனிந்து கால்களைப் பார்த்தபோது, முந்தானையில் அறுந்து தொங்கிய ஓர் இழை தங்கையின் கண்ணில் பட்டுவிட்டது. அவ்வளவுதான்! அறுந்த இழையைக் கண்டால் எங்கள் நெசவுத் தெரு ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. நான் கண்ணை உருட்டுவதற்குள் இரண்டு முனையையும் முறுக்கிச் சேர்த்துவிட்டாள். அடிப்பாவி, காரியத்தைக் கெடுத்தாளே என்று அவள் கையை இழுத்து மடியில் வைத்தேன்.

"நெசவு வேலை தெரியுமாம்மா?" என்றார் டாக்டரம்மா.

நான் முந்திக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன்.

"தெரியும் மேடம்" என்றாள் தங்கை. "பாவு பிணைக்கிறதுல எங்க தெருவுல என்னை அடிச்சிக்க ஆள் இல்லை. கை நல்லா இருக்குது. ஆனா பாத்ரூம் போவணும்னா அக்காதான் தூக்கணும். அக்கா வர சாயங்காலம் ஆயிடும். அதனால காலையில இருந்து நான் தண்ணியே குடிக்கிறதில்லை. ரெண்டும் நெசம் மேடம். எதை எழுதணுமோ எழுதிக்கோங்க."

ஒரே வீட்டில் இருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. சித்திரை வெயிலிலும் இப்படித்தானே இருந்திருப்பாள்! தாகத்தைப் பற்றி மூச்சு விடாதவள், காசுக்காகத் தன் கைவேலையை இல்லை என்று சொல்ல மட்டும் ஒப்பவில்லை. அம்மாடி, இவள் என்ன பிறவி என்று அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

டாக்டரம்மா இரண்டையும் எழுதினார். கூடுதல் தொகையும் வந்தது. எதிர்வீட்டு அக்கா வேலைக்கு வந்த முதல் நாள் நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். உச்சிவெயில் நேரத்தில் தங்கை ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"இன்னாக்கா அப்படிப் பாக்குற? தண்ணிதானே குடிக்கிறேன்" என்றாள்.

இன்னொரு சொம்பு மொண்டு கொடுத்தேன்.