நெஞ்சுக்குள் கேட்ட நாதம்

தொண்ணூறுகளின் தொடக்கம். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். பிழைப்புக்காகத் தெற்கேயிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். தூக்கம் வராது, தொட்டதற்கெல்லாம் கோபம் வரும். "தியானம் சொல்லிக் குடுக்காவளாம், ஒரு தடவ போய்ட்டுத்தான் வாங்களேன்" என்று மனைவிதான் அனுப்பிவைத்தாள். ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஞாயிறு காலை வகுப்பு.

மூச்சை மாற்ற வேண்டாம், அது வருவதையும் போவதையும் கவனித்தால் போதும் என்றார் ஆசிரியர். கேட்கச் சுலபம்தான். கவனிக்க ஆரம்பித்ததும், மூச்சு தானாக வருகிறதா, நான்தான் இழுக்கிறேனா என்பதே புரியவில்லை. நெஞ்சு இறுகியது. புதிதில் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. புல்லாங்குழல் மாதிரி. தியானம் முற்றினால் உள்ளுக்குள் நாதம் கேட்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வந்த அன்றைக்கே எனக்கு வாய்த்துவிட்டதா? நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் மனசில்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு சத்தம் இன்னும் பலமாகக் கேட்டது. மெய்மறந்து உட்கார்ந்திருந்தபோது பக்கத்திலிருந்தவர் என் முழங்காலைத் தட்டினார். முன்பின் தெரியாதவர், என் வயதுதான் இருக்கும்.

"ஏனுங்க, உங்க நெஞ்சுல விசில் அடிக்குதுங்களே, வீசிங் இருக்குதுங்களா?"

"இல்ல அண்ணாச்சி, தியானம் பண்ணா கேக்குற சத்தம்லா இது?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "எங்க ஊட்டுக்காரிக்கும் இப்படித்தானுங்க ஆரம்பிச்சுது. எந்திரிங்க, போலாம்."

வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் தன் மொபெட்டில் ஒரு டாக்டர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். தியானம் கலைந்த எரிச்சலா, பயமா, எது என்று தெரியாமலே பின்னால் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார். "இதோட எப்படிங்க வேலைக்குப் போனீங்க?" என்று அதட்டினார். பஞ்சுத் தூசு ஒத்துக்கொள்ளவில்லையாம், இன்னும் விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்குமாம். ஊசி போட்டதும் மெல்ல மெல்ல அந்த நாதம் நின்றுபோனது. அசட்டுத்தனம்தான், ஆனாலும் அது போனதில் எனக்கு லேசாக வருத்தம்கூட இருந்தது.

மெஷின் இரைச்சலுக்குள் எத்தனை காலம் அது கேட்காமலே இருந்ததோ! முதலாளியிடம் சொல்லி பேக்கிங் பக்கம் மாறிக்கொண்டேன். மொபெட்டில் கூட்டிப்போனவரை மறு வாரம் வகுப்பில் தேடினேன், வரவில்லை. பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

தியானத்தால் என்ன கிடைத்தது என்று யாராவது கேட்டால் இன்றும் குழம்பித்தான் போகிறேன்; அந்த ஹாலில் அத்தனை பேரும் தங்கள் மூச்சைக் கவனித்துக்கொண்டிருக்க, ஒரே ஒருவர் அதை விட்டுவிட்டு என் மூச்சைக் கவனித்தார் என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது.