கத்தியை வெளியில் வைக்கச் சொன்ன மரியநாயகம் அண்ணை

அமெரிக்காவிலிருந்து மரியநாயகம் அண்ணையின் மகள் ஜெனிற்றா அழைத்தபோது நான் கடையில் ஒருவருக்குச் சென்னைப் பயணச்சீட்டுப் பதிந்துகொண்டிருந்தேன். “அக்கா, அப்பா எங்களை விட்டிட்டுப் போட்டார்” என்றாள். என் வாயில் முதலில் வந்தது ஆறுதல் வார்த்தை அல்ல. “சுட்டுப்போட்டாங்களோ?” என்றுதான் கேட்டேன்.

“இல்லையக்கா. நித்திரையிலை. காலமை தேத்தண்ணியோடை போனன், எழும்பேல்லை.”

அழுகை வந்தது. ஆனால் அதற்கு முன்பே ஒரு நிம்மதி வந்துவிட்டது. மரியநாயகம் அண்ணையை அறிந்த உங்களில் பலருக்கும் இது விளங்கும். அவர் கட்டிலில், வயதுபோய், தானாகச் சாவார் என்று ஒரு காலத்தில் நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை.

பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் என் கடைக்குப் பக்கத்துக் கடை அவருடைய சலூன். மன்னாரிலிருந்து வந்து, உணவகங்களில் கோப்பை கழுவி, பிறகு முடிவெட்டப் பழகியவர். அந்த நாட்களில் எங்கள் தெருவில் இரண்டு இளைஞர் குழுக்கள் வாள்களோடு மோதிக்கொண்டிருந்தன. இரண்டு குழுப் பெடியளும் அவரிடம்தான் முடிவெட்டினார்கள். வாசலில் மறித்து, “எல்லாத்தையும் வெளியிலை வைச்சிட்டு வா. இஞ்சை கத்தி வைச்சிருக்கிற ஆள் நான் மட்டும்தான்” என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் யாரும் மீறியதில்லை.

ஒரு சனிக்கிழமை, சந்தடி மிகுந்த நேரத்தில், கையில் வெட்டுப்பட்ட ஒருவன் அவர் கடைக்குள் ஓடிப் புகுந்தான். துரத்தி வந்தவர்கள் வாசலை நெருங்குவதற்குள் அண்ணை வெளியே வந்து, இரும்புக் கதவை இழுத்து மூடி, அதன் முன்னால் நின்றுகொண்டார். வாளோடு நின்றவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “போன கிழமை உனக்குத் தலை வெட்டினனான். இண்டைக்கு நீ என்னை வெட்டுறதெண்டா வெட்டு” என்றார். நான் என் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பொலிஸ் வண்டியின் சத்தம் கேட்டுக் கூட்டம் கலைந்தது.

அத்தோடு முடிந்திருந்தால் அவர் வீரக் கதையில் வருபவராக மட்டும் இருந்திருப்பார். தெரு முழுக்க “நாங்கள் ஒண்டும் காணேல்லை” என்றபோது அவர் மட்டும் நீதிமன்றத்துக்குப் போய்க் கண்டதைச் சொன்னார். வாளோடு வந்த பெடியன் சிறைக்குப் போனான். கடைக் கண்ணாடி உடைந்தது. தொலைபேசியில் மிரட்டல் வந்தது. அவருடைய மனைவி பியர்ஃபித் புறநகரிலிருந்த வீட்டில் சன்னல் திறக்கவே பயந்தார். “பயமில்லையோ அண்ணை?” என்று ஒருமுறை கேட்டேன். “பயந்தான் தங்கச்சி. ஆனா பொய் சொல்லிப்போட்டும் பயப்பிடவேணுமே?” என்றார்.

சில வருடங்களில் தெரு மெல்ல அடங்கியது. சிலர் சிறையில், சிலர் கல்யாணம் முடித்து வேலையில். பிறகு ஒரு காலை, அந்தப் பெடியன் விடுதலையாகி வந்து, கடைக்குள் நுழைந்தான். பெயர் வேண்டாம்; இப்போது அவன் பிள்ளைகளின் தகப்பன். நான் அண்ணைக்குத் தேநீரோடு போயிருந்தேன். கோப்பையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றேன்.

“அண்ணை, வெட்டுவியளோ?”

“இரு.”

துணியைக் கழுத்தில் சுற்றினார். முடியை வெட்டி முடித்தார். சவரக்கத்தியை எடுத்து அவன் பிடரியில் வைத்தபோது, “ஆடாதை. எனக்குக் கை நடுங்குது” என்றார். “எனக்கு உடம்பே நடுங்குது அண்ணை” என்றான் அவன். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. எழும்பும்போது அவன், “நீங்கள் கோர்ட்டிலை சொன்னது பொய்யில்லை” என்றான். “தெரியும்” என்றார் அண்ணை. அவன் போன பிறகு அதே கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து, நீளமாக மூச்சுவிட்டு, ஆறிப்போன தேநீரைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மனைவி காலமான பின் ஜெனிற்றா அவரை ஒகையோ மாநிலத்தில் தான் வாழும் சிறு நகரத்துக்குக் கூப்பிட்டாள். “இஞ்சை வாளுக்குத் தப்பி அங்கை துவக்குக்குப் போறியளோ?” என்று எல்லோரும் கேட்டோம். எங்கள் பயம் வெறும் பயமல்ல. ஆலைகள் மூடிய அந்த ஊரில் அப்போது துப்பாக்கிச் சூடு அடிக்கடி நடந்தது. அவர் போன புதிதில் வீட்டுக்கு அருகே பெற்றோல் நிலையத்தில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பிறகு அங்கேயும் குறைந்தது. ஊர்க் கூட்டத்தில் பொலிஸ் அதிகாரி, துப்பாக்கிச் சூடுகளின் கணக்கு சரிந்து இறங்கும் ஒரு வரைபடத்தைக் காட்டினாராம். ஒரு வயதான பெண்மணி எழுந்து, படம் எப்படி இறங்கினாலும் தான் பொழுதுபடமுன் கதவைப் பூட்டிவிடுவதாகச் சொன்னாராம். அண்ணை எழும்பினார். ஜெனிற்றா மொழிபெயர்த்தாள். “எங்கடை தெருவிலையும் இப்பிடித்தான். வெட்டு நிண்டு கனகாலத்துக்குப் பிறகும் சனம் பயந்துகொண்டே திரிஞ்சது. பயம் தானா இறங்காது, நாங்கள்தான் இறக்கவேணும். நாளைக்குப் பின்னேரம் நான் அந்தப் பெற்றோல் செட்டடியிலை நிப்பன். விருப்பமான ஆக்கள் வாங்கோ, கதைப்பம். எனக்கு உங்கடை பாஷை வராது, பரவாயில்லை.”

மறுநாள் அந்தப் பெண்மணி மடக்குக் கதிரையோடு வந்தாராம். இதைத் தொலைபேசியில் சொல்லும்போது, “தங்கச்சி, அவ எனக்கும் ஒரு கதிரை கொண்டுவந்தவ” என்று அவர் இரண்டுதரம் சொன்னார்.

அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது ஒன்றுதான்: ஆபத்து போய்விட்டதா என்று நிமிர்ந்து பார்ப்பதும், போயிருந்தால் பயத்தை இறக்கி வைப்பதும். எனக்கு அது சுலபமாக வரவில்லை. பாட்டு வகுப்பு முடிந்து வரும் மகளைக் கூட்டிவர, தேவை போன பிறகும், பக்கத்து ஸ்டாலின்கிராட் மெற்றோ நிலைய வாசலில் போய் நின்றுகொண்டிருந்தேன். அண்ணைக்காக இங்கே தேவாலயத்தில் பூசை வைத்த அன்று, “அம்மா, இன்றைக்குத் தனியே வருகிறேன்” என்று அவள் பிரெஞ்சில் சொன்னாள். “ஓம், வா” என்றேன்.

வீட்டில் இருந்தேன். சோறு வடித்தேன். கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டபோது, பசிக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.