இறங்கி ஏறினேன்

என் வீட்டுக்காரருக்கு இரண்டே வினைச்சொற்கள்தான் தெரியும். ஒன்று ஏறுவது, இன்னொன்று இறங்குவது. முப்பத்தொரு வருடமாக லிப்ட் பழுது பார்க்கிறவருக்கு அது போதுமானதாகவும் இருந்தது. ஒவ்வொரு கட்டடத்திலும் மோட்டார் அறைக் கதவின் பின்னால் ஒரு நோட்டு தொங்கும். வேலை முடிந்ததும் அதில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எந்தக் கட்டடமானாலும் இவர் எழுதுவது ஒரே வரிதான்: ‘ஏறி இறங்கினேன். சரி.’ கதவு சிக்கியதா, கம்பிக்கயிறு மாற்றினாரா, ஆள் உள்ளே மாட்டிக்கொண்டு அழுதாரா என்பதெல்லாம் அதில் இருக்காது. கல்யாணத்துக்கு முன்னால் இவர் எனக்கு எழுதிய ஒரே கடிதத்தையும் நான் இன்னும் வைத்திருக்கிறேன். அது இதைவிட ஒரு வரி கூடுதல், அவ்வளவுதான்.

லிப்ட் ஓடுகிற வரைக்கும் லிப்ட்காரர் என்று ஒருவர் இருப்பது யாருக்கும் நினைவு வராது. நின்றால் மட்டும் நாற்பது பேருக்கு அவருடைய போன் நம்பர் மனப்பாடமாக வரும். ஒருமுறை ஆஸ்பத்திரி லிப்ட்டை இரண்டு நாள் தூங்காமல் சரிசெய்துவிட்டு வெளியே வந்தபோது, லிப்ட்டுக்குள் இருக்கிற கண்ணாடி ஏன் அழுக்காக இருக்கிறது என்று ஒருவர் கேட்டாராம். இவரும் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டு வந்தார்.

சைக்கிள் கதைக்கு வருகிறேன். போன குளிர்காலத்தில் எங்கள் கட்டடத்து லிப்ட்டே நின்றுபோனது. கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்காம் மாடிக்குப் படியேறிய மனிதர் மூன்றாம் மாடியில் உட்கார்ந்துவிட்டார். உருவம் பாதியாகவும் மூச்சு இரண்டாகவும் இருந்ததைப் பார்த்து, பக்கத்து வீட்டு அம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, லிப்ட்டில் வந்திருக்கலாமே என்று வேறு கேட்டுவிட்டார். அந்த அவமானம் இவரை விடவில்லை. வீட்டைக் காலிசெய்துபோன யாரோ அடித்தளத்தில் விட்டுப்போயிருந்த சைக்கிளை, குளிர் விட்டு மரங்கள் துளிர்த்த முதல் வாரத்தில் வெளியே இழுத்து எண்ணெய் போட்டார்.

கீழே பேக்கரி வைத்திருப்பவர் அதைப் பார்த்து இவரைத் தன் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். போனில் ஒரு குழு. பெயர் ‘வசந்த மிதி’. யாரை மிதிக்க என்று நான் கேட்டேன். பதினொரு பேர். வசந்தம் முடிகிறவரை தினமும் அவரவருக்குத் தோதான நேரத்தில் சைக்கிளில் போய்விட்டு வந்து, குழுவில் ஒரு வரி எழுத வேண்டும். போட்டி கிடையாது, வேகக் கணக்கு கிடையாது. குழுவின் தலைவி, முப்பது வருடம் மொழிப்பாடம் நடத்தி ஓய்வு பெற்ற டீச்சர். யார் எங்கே போனார்கள் என்பதைவிட ஒற்றெழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்பதுதான் அவருக்கு முக்கியம். ‘ஏரி கரை’ என்று ஒருவர் எழுதினால் அடுத்த நிமிடமே ‘ஏரிக்கரை’ என்று கீழே வந்து நிற்கும்.

இவருக்கு மூக்குக்கண்ணாடி தேடுகிற நேரத்தில் கிடைக்காது. அதனால் காலைச் சாப்பாட்டின்போது குழுவைப் படித்துக் காட்டுவது என் வேலை ஆனது. பேக்கரிக்காரர் விடியற்காலையின் அழகைப் பற்றி அரைப் பக்கம் எழுதுவார். விடியும் நேரத்தில் அவர் அடுப்புக்கு முன்னால் நிற்கிறார் என்பது தெருவுக்கே தெரியும். எனக்குப் பிடித்தது தையல்கார அக்கா எழுதுவதுதான். அவருக்கு இடது முழங்கால் சரியில்லை, அதிக தூரம் போக மாட்டார். ‘இன்னைக்கு நாலு கிலோமீட்டர். ஒரு நாய், மூணு பூ’ என்று போட்டு, யார் வீட்டு வேலியிலோ பூத்த மூன்று பூவையும் படம் எடுத்து அனுப்புவார். டீச்சர் அந்த ‘இன்னைக்கு’வை மட்டும் திருத்துவார். நம்முடைய ஆள் எழுதுவது, ‘ஆற்றுப் பாலம் வரை. சரி.’

ஊருக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி மேடு என்று ஒன்று உண்டு. மேலே போகிற சாலையில் இரண்டு வளைவு. முதல் வளைவில் பேச்சு நின்றுபோகும், இரண்டாவதில் மூச்சே நின்றுபோகும். குழுவில் ஒருவரும் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. ஒரு புதன்கிழமை இவர் அங்கே போய்விட்டு வந்து குழுவில் எழுதினார்: ‘தண்ணீர்த் தொட்டி மேடு. இறங்கி ஏறினேன். சரி.’

மறுநாள் காலை போனைத் திறந்தால் குழு அமர்க்களப்பட்டுக் கிடந்தது. டீச்சர் ஒரு விளக்கவுரையே எழுதியிருந்தார். ஏறி இறங்குவது எல்லோரும் செய்வது. இவரோ மேட்டின் மறுபக்கம், கல்குவாரிச் சரிவில் இறங்கி, அந்தச் செங்குத்திலேயே திரும்ப ஏறியிருக்கிறார். ஒரு மலையையே இரண்டு வினைக்குள் அடக்கிவிட்டார். இதற்குப் பெயர்தான் சொற்சிக்கனம். பேக்கரிக்காரர் தன் பங்குக்கு மூன்று விடியல்களை வர்ணித்துவிட்டு, சத்தமில்லாமல் சாதிக்கிற மனிதர் என்று முடித்திருந்தார். தையல்கார அக்கா கைதட்டுகிற படம் ஐந்து போட்டிருந்தார்.

நான் படிக்கப் படிக்க இவர் ரொட்டியைக் கையில் பிடித்தபடியே இருந்தார். முகம் மெல்லச் சிவந்தது. முடித்ததும், சரியாகக் காதில் விழவில்லை, இன்னொரு தடவை படி என்றார்.

நான் சலவைக்கடையில் வேலை செய்கிறவள். துணியைப் பார்த்தாலே அதை உடுத்தியவர் எங்கே போனார், என்ன செய்தார் என்று சொல்லிவிடுவேன். அன்று சாயங்காலம் இவருடைய காற்சட்டையைத் துவைக்க எடுத்தேன். வலது கெண்டைக்கால் பக்கம் வரிசையாக நாலைந்து அழுக்குத் தடம். சைக்கிளில் உட்கார்ந்து மிதித்தால் அங்கே தடம் விழாது. இறங்கி, பக்கத்தில் நடந்து தள்ளிக்கொண்டு போகிறபோதுதான் பெடல் சுற்றிவந்து காலில் இடிக்கும்.

காற்சட்டையைக் கொண்டுபோய் அவர் முன்னால் விரித்தேன்.

“இது மிதிச்ச கால் இல்லீங்க. மிதி வாங்கின கால்.”

முதலில் துணியைப் பார்த்தார், பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நான் பொய் எழுதலையே. ரெண்டாவது வளைவுல இறங்கினேன். தள்ளிக்கிட்டுப் போனேன். மேல போயி ஏறினேன். அதைத்தான் எழுதினேன்.”

அப்படியானால் அதைக் குழுவில் சொல்லிவிட வேண்டியதுதானே என்றேன். அழுக்குத் தடத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு, “முப்பத்தொரு வருஷத்துல எனக்கு யாரும் கைதட்டினதில்ல” என்றார்.

எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. சண்டைபோட வந்தவள் காற்சட்டையை மடித்துக்கொண்டு போய்விட்டேன். என் குட்டையும் உடைத்துவிடுகிறேன். சலவைக்கடைக்கு வந்த ஒருத்தி, மேடு ஏறுகிறாரே அந்த லிப்ட்காரருடைய வீட்டம்மா நீங்கள்தானா என்று கேட்டபோது, நான் இல்லையென்று சொல்லவில்லை. அவளுடைய கோட்டுக்கு ஒரு தேய்ப்பு கூடவே போட்டுக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் இவர் கால் தரையில் பாவவில்லை, மேட்டில் தள்ளுகிற நேரம் தவிர. வாரத்தில் மூன்று நாள் அதே மேடு, அதே வரி, அதே ஐந்து கைதட்டல். பேக்கரிக்காரர் இவருக்கென்று தினமும் ஒரு பன் எடுத்துவைத்தார். மேடு ஏற விரும்புகிறவர்களுக்கு ஓர் அறிவுரை சொல்லுங்கள் என்று டீச்சர் கேட்டதற்கு, இவர் ரொம்ப யோசித்து ‘மெதுவாகப் போகவும்’ என்று எழுதினார். அதன் ஆழத்தைப் பற்றி இரண்டு நாள் பேசினார்கள். நான் கெண்டைக்கால் அழுக்கைத் துவைத்துக்கொண்டிருந்தேன்.

வசந்தம் முடியப்போகிற சமயத்தில் டீச்சர் அறிவித்தார். கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போவது, முன்னால் லிப்ட்காரர் போவது, பின்னால் மற்றவர்கள். இவர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். அன்றிலிருந்து தினமும் காலையில் மேட்டுக்குப் போய்ப் பழகினார். இரண்டாவது வளைவில் ஒரு விளக்குக் கம்பம் உண்டு. அதற்கு அப்பால் ஒரு முழம்கூடச் சைக்கிள் நகர மறுத்தது. ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் வருமா என்று வெள்ளிக்கிழமையே நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். டயர் தானாகக் காற்று இறங்குவது எவ்வளவு சகஜம் என்று என்னிடம் ஒருநாள் விளக்கினார். நான் கண்டுகொள்ளவில்லை.

இந்தக் கூத்தில், தையல்கார அக்கா குழுவில் எழுதி ஒன்பது நாள் ஆகியிருந்ததை நான்தான் கவனித்தேன். நாயும் இல்லை, பூவும் இல்லை. கடையில் உள்துணி கிழிந்த கோட்டு ஒன்று இருந்தது, அதை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். சைக்கிள் சுவரோரம் நின்றது. தைத்து முடித்த சட்டைகளை அதன் ஹேண்டில்பாரில் மாட்டி வைத்திருந்தார்.

என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

“நானும் அந்த மேட்டுக்குப் போனேன். பாதியிலயே இறங்கிட்டேன். உங்க வீட்டுக்காரர் இந்த வயசுல அந்தப் பக்கமே இறங்கி ஏறுறாரு. நான் இங்க பூப் படம் போட்டுக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?”

எனக்குச் சுருக்கென்றது. உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அது நான் சொல்ல வேண்டியது இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்னோடு மேட்டுக்கு வாருங்கள், நடந்தே போகலாம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தால் போதும் என்று கெஞ்சிக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இவரிடம் நடந்ததைச் சொன்னேன். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, நான் யாரையும் ஏறச் சொல்லவில்லையே, சும்மாதானே இருந்தேன் என்றார்.

“லிப்ட் நடுவுல நிக்குது, உள்ள ஒரு ஆள் மாட்டிக்கிட்டு இருக்காங்க. அப்பவும் நீங்க சும்மா இருப்பீங்களா?”

அதற்குமேல் நான் கேட்கவில்லை. ஆள் மாட்டிக்கொண்டால் மோட்டாரைத் தொடுவதற்கு முன்னால் கதவுக்கு வெளியே நின்று, பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன் என்று குரல் கொடுக்கிறவர் இவர். சனிக்கிழமை மத்தியானம் போனை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வியர்த்து, குழுவில் எழுதினார்: ‘நான் இறங்கித்தான் ஏறினேன்.’

டீச்சர் உடனே பதில் போட்டார். அந்தத் ‘தான்’ என்ன அழுத்தம், அடக்கத்துக்குள் எவ்வளவு உறுதி, ஒற்றும் பிசகவில்லை. கீழே எட்டுக் கைதட்டல். இவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தையல்கார அக்காவும் நானும் முன்னாலேயே நடந்துபோய் இரண்டாவது வளைவில் நின்றோம். விளக்குக் கம்பத்துக்குக் கொஞ்சம் மேலே, நிழல் பார்த்து. அக்கா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, வந்திருக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கீழே மணிச்சத்தம் கேட்டது. இவர் முன்னால் வந்தார். பின்னால் டீச்சர், அதற்கும் பின்னால் பேக்கரிக்காரர், மற்ற ஏழு பேரும் வால் மாதிரி நீண்டு வந்தார்கள்.

கம்பம் வந்தது. இறங்கப்போகிறார் என்று நினைத்தேன். இறங்கவில்லை. கம்பத்தைத் தாண்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு, முதுகு வளைய, பெடலை ஒவ்வொன்றாக அமுக்கி மேலே வந்தார். சைக்கிள் ஆடவில்லை. வளைவின் மோசமான இடம் முடிந்து சாலை கொஞ்சம் படுத்துக்கொள்கிற இடத்துக்கு இன்னும் பத்து அடிதான். முப்பது வருடம் கூடவே வாழ்ந்தவள் சொல்கிறேன், அன்றைக்கு அவரால் முடிந்திருக்கும்.

அப்போது அக்காவைப் பார்த்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இவர் நேராக எங்கள் முன்னால் வந்து பிரேக் பிடித்துக் கால் ஊன்றினார்.

“இதுதாங்க இறங்குறது” என்றார். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். இவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலை படுத்துக்கொள்கிற இடம் வரைக்கும் நடந்தார். பெடல் சுற்றிவந்து கெண்டைக்காலில் இடித்துக்கொண்டே போனது. மேலே சமதளத்தில் சீட்டில் ஏறி உட்கார்ந்து, எங்கள் பக்கம் திரும்பினார். “இது ஏறுறது. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். குவாரிப் பக்கம் நான் பார்த்ததே இல்ல.”

டீச்சர் முப்பது வருடப் பாடத்தையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்திருப்பார். பிறகு மெதுவாக, “சைக்கிளிலிருந்துன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே சார்” என்றார். நோட்டில் ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கும் என்று இவர் சொன்னார். அது எந்த நோட்டு என்று அவருக்கு விளங்கியிருக்காது. ஆனாலும் டீச்சர்தான் முதலில் சிரித்தார், முதலில் சைக்கிளைவிட்டு இறங்கியதும் அவர்தான். பேக்கரிக்காரர் அதற்காகவே காத்திருந்தவர்போல இறங்கி, சாலை ஓரத்தில் உட்கார்ந்தேவிட்டார். இறங்கிய எல்லோரும் தள்ளிக்கொண்டு மேலே போனார்கள். கூட்டத்தின் நடுவில் தையல்கார அக்கா, பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ வேலியைக் காட்டிப் பேசிக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், இன்னும் பத்தடி போயிருக்கலாம்தானே என்று. எந்தப் பத்தடி என்று கேட்டுவிட்டு, காற்சட்டையைக் கழற்றித் துவைக்கப் போட்டார்.

மறுநாள் காலை ரொட்டிக்கு நடுவில் போனைத் திறந்தேன். எல்லோருக்கும் முன்னால் தையல்கார அக்கா எழுதியிருந்தார்: ‘தண்ணித் தொட்டி மேடு. ஒரு நாய், ரெண்டு பூ. இறங்கி ஏறினேன். சரி.’ டீச்சர் அந்தத் ‘தண்ணி’யைத் திருத்தவில்லை. ‘ரெண்டு’வையும் திருத்தவில்லை. ஒரே ஒரு கைதட்டல் போட்டிருந்தார்.

சரியாகக் காதில் விழவில்லை, இன்னொரு தடவை படி என்றார் இவர். கண்ணாடி அவருடைய மூக்கிலேயே இருந்தது. நான் அதைச் சொல்லாமல் இன்னொரு தடவை படித்தேன்.