நாலு நாளில் நல்ல தம்பதி

லிஃப்ட் மெக்கானிக்குக்கு "சரிங்க" என்ற சொல் நாக்கு நுனியிலேயே நிற்கும். எந்தக் கட்டடத்திலிருந்து கூப்பிட்டாலும் "சரிங்க, வந்துடறேன்." அந்தப் பழக்கத்தில்தான் செவ்வாய்க்கிழமை காலை, பதினான்காவது மாடி மோட்டார் அறையில் கையெல்லாம் கிரீஸோடு நின்றுகொண்டு, போதகரிடமும் "சரிங்க ஐயா" என்று சொல்லித் தொலைத்தான். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. சனிக்கிழமை சபையில் தம்பதியர் கூடுகை. பேச வேண்டியவருக்கு உடம்பு சரியில்லையாம். அவருக்குப் பதிலாக இவனும் மனைவியும் இருபது நிமிடம் தங்கள் இல்லறத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டும். "உங்க ரெண்டு பேரையும் பார்த்தாலே நிறைவா இருக்கு" என்று போதகர் வேறு சொல்லிவிட்டார்.

பார்த்தால் நிறைவாகத்தான் இருக்கும். ஞாயிறுதோறும் ஒன்றரை மணி நேரம் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். வாரத்தில் அவர்கள் சேர்ந்திருந்ததே அவ்வளவுதான். அவளுக்கு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மாறி மாறி ஷிப்ட். இவனுக்கு எந்நேரமும் போன். பன்னிரண்டு வருடத் தாம்பத்தியம், கடைசி இரண்டு வருடமாக ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டுகளில் ஓடிக்கொண்டிருந்தது. "பெரியவளுக்கு மருந்து கொடுக்கவும்." "கொடுத்தாச்சு."

சாயங்காலம் விஷயத்தைக் கேட்டதும் மனைவி மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஃபிரிட்ஜைக் கூட்டிட்டுப் போங்க. நாம பேசிக்கிட்டது எல்லாம் அதுக்குத்தான் தெரியும். சபையில நின்னு பொய் சொல்ல என்னால ஆகாது."

"பொய் எதுக்கு? இன்னும் நாலு நாள் இருக்குல்ல? அதுக்குள்ள உண்மையாக்கிடுவோம்!"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "லிஃப்ட் ரிப்பேர்னு நினைச்சீங்களா?" என்றாள். ஆனால் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மோட்டார் அறைத் தரையில் உட்கார்ந்து, பைபிளில் பவுல் கணவன் மனைவிக்கு எழுதிய பகுதியைப் போனில் திறந்தான். அது அவனுக்குப் புதிதல்ல. கல்யாணமான மூன்றாம் வருடம், வேலை முடிந்து அலுத்துப் படுத்திருந்தவளிடம் அதில் ஒரு வரியைக் கோர்ட் நோட்டீஸ் மாதிரி நீட்டியிருக்கிறான். உன் உடம்புக்கு நீ அதிகாரி இல்லை, நான்தான் என்று. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

இப்போது நிதானமாகப் படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. கடமை முதலில் புருஷனுக்குத்தான் சொல்லப்பட்டிருந்தது. அவன் நீட்டிய வரிக்கு அடுத்தபடியே, புருஷனின் உடம்புக்கு மனைவி அதிகாரி என்றும் இருந்தது. விலகியிருப்பதென்றாலும் இருவரும் சம்மதித்துத்தானாம். பாதியைக் கிழித்தெடுத்து அவள் முகத்தில் வீசியிருக்கிறோமே!

வீடு போய்ச் சேரும்வரை பொறுக்க முடியவில்லை. போன் போட்டான்.

"பிள்ளைக்கு என்ன ஆச்சு?" என்று பதறினாள்.

"பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி உன்கிட்ட ஒரு வசனம் சொன்னேன்ல. அரைகுறையாப் படிச்சுட்டுச் சொன்னேன். தப்பு என் மேலதான். மன்னிச்சுடு."

அந்தப் பக்கம் ரத்த சாம்பிள் குழாய்களைச் சுழற்றும் மெஷினை அவள் நிறுத்துவது கேட்டது.

"கையில இருபது சாம்பிள் இருக்கு," என்றாள். "வீட்டுக்கு வந்து நேர்ல இன்னொரு தடவை சொல்லுங்க."

நேரிலும் சொன்னான். அவளும் சொன்னாள். "முதல்ல கோபத்துல தள்ளிப் படுத்தேன். அப்புறம் கோபம் போன பிறகும் தள்ளியே படுத்தேன். அதுல எனக்கும் பங்கு இருக்கு." பிறகு எங்கோ பார்த்தபடி, "நாளைக்கு எனக்கு வார லீவு. பிள்ளைங்க மூணரைக்குத்தான் வரும்," என்றாள்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு எழுதிக்கொடுத்து, கம்பெனிப் போனைக் கூட்டாளி மெக்கானிக் கையில் திணித்தான்.

"எங்கடா, வெளியூரா?"

"வீட்டுக்கு!"

தன் அடுக்குமாடியில் லிஃப்ட் வரும்வரை நிற்கப் பொறுமையின்றி நாலு மாடியும் படியேறி ஓடினான். அவள் கதவைத் திறந்தாள். இரண்டு பிள்ளை பெற்றவர்கள், புதுசாகப் பார்ப்பவர்கள் மாதிரி கூச்சப்பட்டார்கள். ஒரு மணி நேரம் பேச்சு, பேச்சு, ஒரே பேச்சு. அப்புறம் அவளே எழுந்துபோய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். மிச்சம் அவர்கள் சங்கதி.

மூன்றரைக்கு மணி அடித்தபோது வீடே அமளிதுமளிப்பட்டது. உள்ளே வந்த பெரியவள் தகப்பனைப் பார்த்து, "அப்பா, ஏன் சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க?" என்றாள். அம்மா சமையலறைக்குள் ஓடிப்போய், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

சனிக்கிழமை அவன் நாலு பக்கம் எழுதி வைத்திருந்தான். மேடையில் மனைவி மைக்கை வாங்கினாள். "போன செவ்வாய்க்கிழமை எங்களைப் பேசச் சொன்னப்போ, நாங்க பேசத் தகுதியே இல்லாத ஜோடி," என்று ஆரம்பித்தாள். அவன் எழுதியதை மடித்துப் பையில் வைத்துவிட்டு, தான் பாதி வசனத்தை நீட்டிய கதையையும், வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு ஓடிய கதையையும் ஒளிக்காமல் சொன்னான். முன்வரிசையில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்திலிருந்த அவர் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

டீ குடிக்கும்போது போதகரின் மனைவி மெல்ல அருகே வந்தார்.

"வியாழக்கிழமை எங்களுக்கு ஜெபக்கூட்டம்," என்றார் தணிந்த குரலில். "நாங்க வேற கிழமை வெச்சுக்கலாமில்ல?"

"தாராளமா, அக்கா!" என்றாள் இவள்.

திங்கட்கிழமை, தன் ஷிப்டை நிரந்தரமாகக் காலைக்கு மாற்றித் தரச் சொல்லி அவள் விண்ணப்பம் கொடுத்தாள். அது கிடைக்க ஐந்து மாதம் ஆனது. அதுவரை எல்லா வியாழக்கிழமையும் கூட்டாளி மெக்கானிக் கையில் இரண்டு போன்கள் இருந்தன.