ஆழமாக உழுதவர்

கோவிந்தராசுக்கு நன்றாக வேண்டும். ஊர் மனதுக்குள் சொல்வதை நான் எழுதியே வைக்கிறேன்.

கீழ்வேளூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். தம்பி செத்ததும், தம்பி மனைவி அம்சத்துக்குப் பாகம் என்று கோவிந்தராசு கைகாட்டியது கடைமடையில் உப்புப் பூத்துக் கிடந்த வயலை. பத்திரம் கிடையாது, வாய்ப்பேச்சுதான். அம்சம் அழுதுகொண்டு நிற்கிற ஆள் இல்லை. கோடை மழைக்குத் தழையுரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கிற சமயத்தில் சேற்றோடு மடக்கி மிதித்தாள். மேலாக மட்டுமே உழுதாள். சம்பா அறுப்புக்கு முன்பே, நிற்கிற பயிருக்குள் உளுந்தைத் தெளித்து உழாமலே ஒரு மகசூல் எடுத்தாள். வெயில் படாமல் மண்ணைப் பயிர் மூடிக் கிடந்ததில் உப்பு மெல்லக் கீழே இறங்கியது. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அந்த வயல் கோவிந்தராசு வயலைவிட அதிகமாக நெல் கண்டது.

அவருக்கு வயிறு எரிந்தது. பாகம்தான் பதிவாகவில்லையே, மாற்றிக்கொள்வோம் என்றார். டிராக்டர் ஏறி ஏறி இறுகிப்போன தன் மேட்டு வயலை அவளிடம் தள்ளினார். பஞ்சாயத்துக்கு வந்தவர்களும் அவருக்கே தலையாட்டினார்கள். எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் தணியவில்லை.

உழவுக்கு முன்னால், நீ ஏன் மேலாகவே உழுதாய் என்று அவரே அவளிடம் கேட்டார்.

"ஆழமா உழ என்கிட்ட ஏது மாமா டிராக்டரு? உங்ககிட்ட இருக்கு. அடி மண்ண நல்லாப் பொரட்டிப் போடுங்க."

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. டிராக்டரில் சட்டிக்கலப்பையைப் பூட்டி ஆழப் புரட்டினார். அடங்கிக் கிடந்த உப்பெல்லாம் மேலே வந்தது. நட்ட பயிர் நுனி கருகி, கார்த்திகைக்குள் திட்டுத்திட்டாகச் செத்தது. அம்சம் வரப்பில் நின்று ஆசை தீரப் பார்த்தாள். நானும் கூட நின்று பார்த்தேன்.

வயலைத் தேற்ற வழி சொல்லு என்று கடைசியில் அவளிடமே வந்து கெஞ்சினார். மேட்டு வயலை என் பெயருக்குப் பதிந்து கொடுங்கள், சொல்கிறேன் என்றாள். கொடுத்தார். பதிவு முடிந்து வெளியே வந்ததும், தக்கைப்பூண்டு, மேல் உழவு, உளுந்து என்று ஒன்று விடாமல் சொன்னாள். எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டார்.

"நான் அதுல போட்ட வருஷம் அத்தனையும் ஆகும் மாமா."

"எனக்கு எழுபதாவுது அம்சம்."

"தெரியும். தெரிஞ்சுதான் ஆழமா உழச் சொன்னேன்."