தயாராக இருந்த அஞ்சலி

ஒரு மனுஷி சாகட்டும் என்று நான் காத்திருந்தேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். இனி நீங்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போய்விடலாம். போகமாட்டீர்கள்... எனக்குத் தெரியும். அஞ்சலி என்றால் கடைசி வரிவரை வாசிக்கிறவர்கள் அல்லவா நீங்கள்! உங்களை நம்பித்தான் நான் அதைச் செய்தேன்.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. கடையின் பின்பக்கத்து மேஜைதான் ‘முக்கு’ என்ற கலை இலக்கியக் காலாண்டிதழின் அலுவலகம். காலாண்டிதழ் என்பதெல்லாம் அட்டையில்தான். வருஷத்துக்கு இரண்டு வந்தால் பெரிய விஷயம். ஆசிரியன், வெளியீட்டாளன், பார்சல் கட்டித் தபால் ஆபீசுக்குத் தூக்கிப் போகிறவன் எல்லாம் நானே. அச்சடிப்பதில் பாதி என் கட்டிலுக்கு அடியில்தான் போய்ச் சேரும். என் மனைவி பெருக்கும்போதெல்லாம் தமிழ் இலக்கியத்தைத் திட்டுவாள்.

கிரேஸ் டீச்சர் அந்தக் கடைக்கு வந்தவர். குருவிகுளம் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரம் இரண்டு தடவை திருநெல்வேலிக்கு டயாலிசிஸுக்குப் போய் வருவார். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளை நகலெடுக்கத்தான் முதலில் வந்தார்.

“முன்பக்கம் மட்டும் போதும் தம்பி. பின்பக்கம் சும்மா கிறுக்கி வச்சிருக்கேன்.”

திருப்பிப் பார்த்தேன். கிறுக்கலா அது! நீல பால்பாயின்ட் பேனாவில் பெண்கள்... டயாலிசிஸ் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்துக்கிடக்கும் பெண்கள். உள்ளே புருஷனையோ மகனையோ படுக்க வைத்துவிட்டு, மடியில் சாப்பாட்டுப் பையோடு, சுவரையே பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள். ஒரு கோடுகூட அழித்து வரைந்ததில்லை. இருபது வருஷமாக இதழ் நடத்துகிறேன், இப்படி ஒன்று என் மேஜைக்கு வந்ததே இல்லை.

அந்த இடத்திலேயே வாக்குக் கொடுத்தேன். ஒரு இதழ் முழுக்க உங்கள் படங்கள்தான் டீச்சர், சிறப்பிதழ்!

டீச்சர் முகம் மலர்ந்தது. ஆனால் அவர் கேட்டது புகழை அல்ல.

“பத்து புஸ்தகம் எனக்கு வேணும் தம்பி. அந்தப் பொம்பளையளுக்குக் கொடுக்கணும். அவங்கவங்க படத்தை அவங்கவங்க கையில கொடுக்கணும். சீக்கிரமாப் போடுங்க... அவங்க எத்தனை நாளைக்கு அங்கன உக்காந்திருப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?”

உள்ளே படுத்திருப்பவர் போய்விட்டால் வெளியே காத்திருக்கிறவளும் வரமாட்டாள். அதைத்தான் சொன்னார். எனக்குப் புரியாமல் இல்லை.

படம் வரைந்த தாள்களை டீச்சரிடம் வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். பேர் பெற்ற எழுத்தாளர்கள் நாலு பேரிடம் படங்களை அனுப்பி, நாலு வரி எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். ஒருவர் “யார் இவங்க?” என்றார். ஒருவர் “பார்க்கலாம்” என்றார். மற்ற இருவரும் போனையே எடுக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உயிரோடு இருக்கிற ஒருத்தியை, அதுவும் குருவிகுளத்துக் கணக்கு டீச்சரை, நீங்கள் எப்போது திரும்பிப் பார்த்திருக்கிறீர்கள்?

அந்த எரிச்சலில்தான் அந்த யோசனை வந்தது. மறுபடி நாலு பேருக்கும் போன் போட்டு, “டீச்சருக்கு ரொம்ப முடியல. நாள் எண்ணிக்கிட்டிருக்காங்க. அஞ்சலி இதழ் தயார் பண்ணுதேன்” என்றேன்.

இரண்டே வாரத்தில் நாலு கட்டுரைகளும் வந்து இறங்கிவிட்டன! டீச்சரைக் கண்ணால்கூடக் காணாத ஒருவர், முப்பது வருஷம் கூடப் பழகியவர் மாதிரி உருகியிருந்தார். எவ்வளவு அழகான தமிழ்... நான் அழுதேன்.

அதற்குப் பிறகு இதழ் தயாராக இருந்தது. டீச்சர்தான் தயாராக இல்லை.

இந்த வரியை எழுத எனக்கு வெட்கமாக இல்லையா? இருக்கிறது. அடித்துவிடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், கிடக்கட்டும்.

“சிறப்பிதழ் என்னாச்சு தம்பி?” என்று மூன்று தடவை கேட்டார். பேப்பர் விலை ஏறிவிட்டது என்றேன். பிரஸ்ஸில் மிஷின் ரிப்பேர் என்றேன். “அடுத்த மாசம் கண்டிப்பா டீச்சர்” என்றேன். அப்படிச் சொல்லிக்கொண்டே அவருடைய புது ரிப்போர்ட்டை மிஷினில் வைத்து நகலெடுப்பேன். எடுக்கும்போது படிப்பேன். கிரியேட்டினின் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு... அவருடைய டாக்டர் பார்ப்பதற்கு முன்பே நான் படித்தேன்! பொட்டாசியம் ஏறியிருந்த அன்று என் மனசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

ஒருநாள் முற்பகல் நான் தபால் ஆபீசுக்குப் போயிருந்தேன். கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் செல்வி டீ குடிக்கப் போயிருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் முன்னால் கிரேஸ் டீச்சர் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையில் முகத்தை ஒட்டி வாசித்துக்கொண்டிருந்தார்.

திரையில் இதழின் அட்டை, அதில் அவர் படம். அதற்குக் கீழே ‘அஞ்சலிச் சிறப்பிதழ்’. அதற்கும் கீழே ‘பிறப்பு’ என்று அவர் பிறந்த தேதி. ‘மறைவு’ என்று போட்டு, பக்கத்தில் ஒன்றும் இல்லை.

பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று நின்றேன்.

டீச்சர் அழவில்லை, கத்தவில்லை. சாவகாசமாக ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தார். பரீட்சைத் தாள் திருத்துகிறவர் முகம் அது. பதினேழாம் பக்கத்தில் நிறுத்தினார்.

“இந்தப் படம் திரும்பி இருக்கு தம்பி.”

உண்மைதான். அந்தப் பெண்ணின் முகம் கட்டுரையைப் பார்த்தாற்போல் இருந்தால் பக்கம் எடுப்பாக இருக்கும் என்று நான்தான் இடம் வலமாகத் திருப்பிப் போடச் சொல்லியிருந்தேன்.

“அந்தம்மாவுக்கு வாதம் வந்து வலது கை வராது. இடது கையிலதான் எல்லாம் தூக்குவா. நீங்க வராத கையில பையைத் தூக்கிக் கொடுத்திருக்கிய. மாத்திருங்க.”

சரி என்று தலையாட்டினேன். பிறகு அவர் முதல் பக்கத்துக்குத் திரும்பி வந்து, விரலால் அந்த வெற்றிடத்தைத் தொட்டார்.

“இதை இப்படியே விட்டு இப்பமே அடிச்சிருங்களேன். பொறவு வேணுங்கிறவங்க பேனாவுல தேதி எழுதிக்கிடட்டும்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அட்டை இன்னும் முடிவாகல டீச்சர்” என்றேன். பாவி!

சரி, அதுவரை செய்தது ஒரு கிறுக்கு என்று வையுங்கள். அதற்குப் பிறகும் ஆறு வாரம் இருந்தாரே! அட்டையில் ‘அஞ்சலி’, ‘மறைவு’ என்ற இரண்டே சொற்களை எடுத்துவிட்டு அடித்திருந்தால் அவர் கையில் புத்தகம் இருந்திருக்கும். பத்துப் பிரதியையும் தூக்கிக்கொண்டு அந்த பெஞ்சுக்குப் போயிருப்பார். ஏன் செய்யவில்லை? அவர் முகத்தில் விழிக்கக் கூச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். நாலு பெரிய எழுத்தாளர்கள், நாலு அருமையான அஞ்சலிகள்... டீச்சர் பிழைத்துக் கிடந்தால் அவை வீண். அதுதான் காரணம். வேறு எதுவும் இல்லை.

அவர் இறந்துபோன தகவல் கடைக்குத்தான் வந்தது. துட்டி கேட்கக் கிளம்புமுன் கம்ப்யூட்டரைத் திறந்து அந்த வெற்றிடத்தில் தேதியைத் தட்டினேன். அதன் பிறகே சட்டையை மாற்றினேன்.

பதினாறாம் நாள் இதழ் வெளிவந்தது. எவ்வளவு சுறுசுறுப்பு என்று நீங்களே வியந்து எழுதினீர்கள். முதல் தடவையாக என் கட்டிலடி காலியானது. கலைஞர்களைக் கொண்டாடுவதற்கு ‘முக்கு’வை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள் என்றீர்கள். ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் கூட்டம் போட்டு எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். போர்த்திக்கொண்டேன்.

கூட்டம் முடிந்து டீச்சரின் கணவர் தேவராஜ் சார் என்னிடம் வந்தார். அவரும் வாத்தியாராக இருந்தவர்தான். அதிகம் பேசமாட்டார்.

“பத்துப் பிரதி கொடுங்க தம்பி. அவ கேட்டிருந்தா. நான் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாரேன்.”

எண்ணிக் கொடுத்தேன். அவர் ஒன்றைப் பிரித்துப் புரட்டினார். பதினேழாம் பக்கத்தில் நின்றார்.

“மாத்தலியே...”

மாற்றவில்லை! தேதியைப் போடத்தான் கோப்பைத் திறந்தேன், மற்றது எதுவும் என் நினைவிலேயே இல்லை.

“அன்னைக்கு உங்க கடையிலிருந்து வந்து சொன்னா. புஸ்தகம் நல்லா வந்திருக்கு, ஒரு படம் மட்டும் திரும்பிட்டு, சொல்லிட்டு வந்திருக்கேன், மாத்திருவாங்கன்னு...”

அட்டையில் இருந்த ‘அஞ்சலி’ என்ற சொல்லையும் டீச்சர் இவரிடம் சொன்னாரா? சொல்லியிருப்பாரா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் முகத்திலிருந்தும் ஒன்றும் தெரியவில்லை.

ஒன்பது பிரதிகளைப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்றை என்னிடமே நீட்டினார்.

“அந்தம்மா இன்னும் வாரா. அவகிட்ட இதை எப்படிக் கொடுக்க?”

அந்தப் பிரதி என் ஜெராக்ஸ் மிஷினுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. டீச்சர் வரைந்த அசல் தாளும் என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. எடுத்து, கண்ணாடியில் கவிழ்த்து, ஒரு பட்டனை அழுத்தினால் போதும். சரியான கையோடு அந்தம்மாவின் படம் வெளியே வந்து விழும். ஊருக்கெல்லாம் அதைத்தானே நாள் முழுக்கச் செய்துகொடுக்கிறேன்!

இரண்டு தடவை டிராயரைத் திறந்தேன். படத்தைக் கவிழ்த்தால் டீச்சரின் ரிப்போர்ட் மேலே வருகிறது. பிற்பாடு நான் ஆசையோடு படித்த அதே கிரியேட்டினின், அதே பொட்டாசியம்... டிராயரை மூடிவிட்டேன்.

அந்தம்மா இன்னும் அந்த பெஞ்சில்தான் இருக்கிறாளாம். எத்தனை நாளைக்கு இருப்பாள் என்று எனக்குத் தெரியாது.